பூச்சிகள் ஆண்ட கொங்கு நாடு

கொங்கு நாட்டை யார் யார் ஆண்டார்கள் என்று கேட்டால் ஊருக்கு ஒரு புலவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். சேரர், கங்கர், சோழர், பாண்டியர், ஹொய்சளர், மதுரை நாயக்கர், மைசூர்க்காரர், கடைசியில் கும்பெனிக்காரன். இந்தப் பட்டியலில் ஒரு பெரிய வம்சம் விட்டுப்போயிருக்கிறது. ஆறு கால் வம்சம். மெய்க்கீர்த்தி பாட அது ஆள் வைத்துக்கொள்ளவில்லை. கல்லில் வெட்டாமல் இலையில் வெட்டிக்கொண்டே போனதால் வரலாற்று ஆசிரியர்கள் கண்ணில் படவும் இல்லை. ராஜாக்களாவது விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு கேட்டார்கள். இந்த வம்சம் ஆறில் ஒரு பங்கை நமக்கு விட்டுவைத்தாலே அது நல்ல வருஷம்.

அதனோடு நாம் நடத்திய சண்டைகளின் சரித்திரம் இது. பெரும்பாலும் தோற்ற சரித்திரம். ஜெயித்த இடங்களிலும் ஜெயித்தது நாம்தானா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

கதையைக் கும்பெனியிலிருந்து தொடங்க வேண்டும். கும்பெனிக்குச் சிவப்புச் சாயத்தின் மேல் தீராத மோகம். மெக்சிகோவில் கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி நுணுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். அந்த வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரன் கையில். ராணுவ அதிகாரிக்குப் பளபளவென்று சிவப்புக் கோட்டு மாட்டிவிட்டு, அதன் சாயத்துக்கு ஸ்பெயின்காரனிடம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல் அல்லவா? சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு கும்பெனி டாக்டர் இருந்தார். 1786-ல் புல்லில் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து, இதுதான் அது என்று லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதமாகப் போட்டுத் தள்ளினார். அது அது இல்லை. மனிதர் அசரவில்லை. பூச்சி பிறகு வரட்டும், முதலில் அதற்குச் சாப்பாடு தயாராக இருக்கட்டும் என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். ஊரெல்லாம் கள்ளியை வெட்டி எறிந்துகொண்டிருக்க, சர்க்கார் செலவில் அதை நட்டுத் தண்ணீர் விட்ட மகானுபாவர் அவர்தான்.

1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ துறைமுகத்திலிருந்து ஒருவழியாகப் பூச்சியைக் கப்பலேற்றி வந்தார். கல்கத்தாவில் ஒரே கொண்டாட்டம். சென்னைக்கும் பங்கு வந்தது. பிறகுதான் தெரிந்தது, வந்தது அசல் சாயப்பூச்சி இல்லை, அதன் ஏழைப் பங்காளி என்று. சாயம் மட்டரகம். ஆனால் பசி உயர்ரகம். சாயம் கொடுக்கச் சொன்னால் தோட்டத்தையே தின்று தீர்த்தது. கும்பெனி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது. நம்மூர் ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு வேறு விதமாக யோசித்தார்கள். கள்ளியைத் தின்கிறதா? அட, நமக்கு அதுதானே வேண்டும்! 1830-களில் அதே பூச்சியைத் தென்னாட்டில் கள்ளியை ஒழிக்கவே கொண்டுவந்து விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய கதைகளில் உலகத்துக்கே முதல் கதை இதுதான் என்று பூச்சியியல்காரர்கள் சொல்கிறார்கள். நாம் முதலிடம் பிடித்தது தவறுதலாக என்பதை மட்டும் பாடப்புத்தகத்தில் கொஞ்சம் நாசூக்காக எழுதுவார்கள்.

அந்தப் பூச்சிக்கும் ஒரு வீம்பு இருந்தது. ஒரு வகைக் கள்ளியைத்தான் தொடும். கொங்குக் காடுகளில் வேலியாக வைக்கப்போய் வேலி தாண்டி வளர்ந்த சப்பாத்திக்கள்ளியை முகர்ந்துகூடப் பார்க்காது. பாம்புக்கும் நரிக்கும் அந்தப் புதர்தான் சத்திரம். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பழத்தைத் தரையில் தேய்த்துச் சுணையைப் போக்கிவிட்டுத் தின்று, நாக்கு ரத்தச் சிவப்பாக வீட்டுக்கு வந்து அடி வாங்கும். கும்பெனி பல ஆண்டு தேடிய சிவப்பு, காசில்லாமல் பிள்ளைகள் நாக்கில் ஏறியது. 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சி வந்தது. சப்பாத்திக்கள்ளிதான் அதற்கு விருந்து. சில ஆண்டுகளில் காடு காடாக நின்ற கள்ளி வெள்ளைப் பஞ்சு பூத்து, வாடி, சரிந்தது. செலவான மருந்து ஒரு சொட்டுகூட இல்லை.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு, உடனே மறந்தும் போனோம்.

நடுவில் ஒரு சட்டம் வந்தது. சைதாப்பேட்டை வேளாண் கல்லூரியை 1906-ல் கோவைக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது லாலி ரோட்டில் பல்கலைக்கழகமாக நிற்பது அதுதான். அதே சமயத்தில் கம்போடியா பருத்தி என்ற புது ராணி கரிசல் காடுகளிலும் கிணற்றுத் தோட்டங்களிலும் வந்து உட்கார்ந்திருந்தாள். நீளமான பஞ்சு, நல்ல விலை. நம் ஆட்கள் ஒரு வெள்ளாமை எடுத்த பிறகும் செடியைப் பிடுங்க மனசில்லாமல், அடுத்த மழைக்கு இன்னும் நாலு காய் தராதா என்று விட்டுவைத்தார்கள். நாலு காய் வந்தது. கூடவே தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுவும் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாமல் குடித்தனம் நடத்தின. அதற்காக 1919-ல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் ஒன்று போட்டது. குறித்த நாளுக்குள் பழைய பருத்திச் செடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குற்றம்.

தோட்டத்துக்கு வந்த அதிகாரிக்கும் பண்ணயக்காரருக்கும் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

"ஏனுங் சாமி, நாம வெச்ச செடிய நாமளே புடுங்கோணுங்களா?"

"ஆமாம்."

"புடுங்காட்டி?"

"சர்க்கார் ஆள் வைத்துப் பிடுங்கும். கூலியை உம்மிடம் வசூல் செய்யும்."

"இத்தன நாளா சர்க்காரு என்னத்தப் புடுங்குதுன்னு ஊருக்குள்ள கேட்டுட்டு இருந்தானுங்க. இப்பத்தான் வெவரம் தெரியுதுங்க."

சிரிக்கலாம். ஆனால் அது உருப்படியான சட்டம். பூச்சிக்குப் பட்டினி போடுவதற்கு மிஞ்சிய மருந்து இல்லை. கஷ்டம் என்னவென்றால், அதற்கு ஊர் மொத்தமும் ஒட்டுக்காகப் பிடுங்க வேண்டும். கொங்கு நாட்டில் பக்கத்துத் தோட்டத்துக்காரனோடு வரப்புத் தகராறு இல்லாதவர் யார்? அவன் பிடுங்கட்டும், அப்புறம் நான் பிடுங்குகிறேன் என்று இரண்டு பேரும் காத்திருக்க, கூன்வண்டு இரண்டு தோட்டத்திலும் மாறி மாறி விருந்துண்டது.

அப்படியானால் தனித்தனியாக, அவரவர் காசில், அடுத்தவனைக் கேட்காமல் செய்கிற வைத்தியம் வேண்டும். அது சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 1874-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓர் ஆராய்ச்சி மாணவர் ஒரு வெள்ளைப் பொடியைச் செய்து, எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். 1939-ல் பாசெல் நகரத்துக் கெய்கி கம்பெனியில் பால் முல்லர் என்ற வேதியியல்காரர் அதையே மறுபடி செய்து ஈயின் மேல் படவைத்துப் பார்த்தார். ஈ விழுந்தது. டி.டி.டி. எழுந்தது. 1948-ல் அவருக்கு நோபல் பரிசு, அதுவும் மருத்துவத்துக்கு.

இந்த இடத்தில் டி.டி.டி.யைத் திட்டிவிட்டுப் போவது இப்போதைய நாகரிகம். நான் திட்டமாட்டேன். சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இந்த நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது கணக்கு. 1965-க்குள் அது சுமார் 1 லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கியது. ஆனைமலை அடிவாரத்திலும் சத்தியமங்கலம் பக்கத்திலும் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து பெண் கொடுக்க யோசித்த காலம் உண்டு. டி.டி.டி. அடிக்க வந்த ஆள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தேதி எழுதிவிட்டுப் போவான். வெள்ளையடித்த சுவரில் பொங்கலுக்குப் பொங்கல் அந்தத் தேதி மட்டும் மறையாமல் நிற்கும். அந்தச் சுவருக்குள் பிழைத்த பிள்ளைகள்தான் பிற்பாடு பேரன் பேத்தி எடுத்து, இயற்கை வெல்லம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள்.

கோளாறு எங்கே என்றால், சுவரில் அடித்ததையே காட்டிலும் அடித்தோம். தம்பி பி.எச்.சி.யும் வந்து சேர்ந்தான். ஊரில் அவனுக்குக் கெமக்சின் என்று பெயர். பனி ஈரம் காயும் முன்னால் மெல்லிய துணியில் பொடியைக் கட்டி, செடிக்கு மேல் பிடித்துக் குச்சியால் தட்டிக்கொண்டே போவார்கள். திரும்பி வரும்போது பொடி யார், ஆள் யார் என்று தெரியாது. செடிக்கு அடித்தது போக மிச்சத்தை மாட்டு உண்ணிக்குப் பூசினார்கள். அதிலும் மிஞ்சியதை மகளின் தலைப் பேனுக்கு. எல்லாவற்றுக்கும் கேட்டது என்பதுதான் துயரமே. முதல் தடவை கேட்கிற மருந்தைப்போல மனிதனைக் கெடுப்பது வேறில்லை.

அடுத்து வந்தவை திரவங்கள். எண்ட்ரின், போலிடால். போலிடால் என்பது பாரத்தியான். 1958-ல் கோதுமை மாவும் அதுவும் ஒரே கப்பலில் பக்கத்தில் பக்கத்தில் பயணம் செய்தன. மருந்து கசிந்தது. கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிறகு ஒரு கமிஷன், ஓர் அறிக்கை. பூச்சிமருந்துச் சட்டம் 1968-ல் வந்தது. மாவையும் விஷத்தையும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதைச் சட்டமாக எழுத நமக்குப் பத்து வருஷம் போதுமானதாக இருந்தது. தடைகளும் அதே வேகம்தான். விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989, எண்ட்ரினுக்கு 1990, பி.எச்.சி.க்கு 1997. கோவைக்கு அந்தப் பக்கம் காசர்கோட்டு முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பானைக் கொட்டினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்த பிறகும், உச்ச நீதிமன்றம் தடை போட 2011 ஆக வேண்டியிருந்தது.

அந்தப் பூச்சிமருந்துச் சட்டத்தின் புண்ணியத்தில் இன்றைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சாய்சதுரம் இருக்கிறது. சிவப்பு என்றால் கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. சிவப்பில் மண்டையோடும் உண்டு. அதோடு பொடிப் பொடி எழுத்தில் ஒரு காகிதம். முகமூடி, கையுறை, கண்ணாடி, பூட்ஸ், நீளக்கை உடுப்பு எல்லாம் அணிய வேண்டும் என்று அது சொல்கிறது. சித்திரை மாதத்துப் பகலில், 38 டிகிரியில், இதையெல்லாம் மாட்டிக்கொண்டு 16 லிட்டர் டேங்கை முதுகில் சுமந்து நடக்கச் சொன்னவர் நிச்சயமாகக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தவர். நம் ஆள் தலையில் துண்டைக் கட்டுவான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வாயில் விரலை நனைத்துத் தூக்கிப் பார்ப்பான். எந்த விரலால் மருந்தைக் கலக்கினானோ அதே விரல்.

இதில் எல்லாமே வேடிக்கை இல்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடிக்காமல் வீட்டுப் பரணில் மிச்சம் இருந்த டப்பா, ஒரு நிமிஷக் கோபத்தில் கொண்டுபோன உயிர்களுக்கு நம் பக்கத்திலேயே கணக்கு உண்டு. அதற்காகத்தான் சில ஆண்டுகளுக்கு முன் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு 60 நாள் நிறுத்திவைத்தது.

பருத்தியின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980-களின் தொடக்கத்தில் பைரித்ராய்டு வகை மருந்துகள் வந்தன. முதல் இரண்டு மூன்று வருஷம் காய்ப்புழு காலில் விழுந்தது. அதன் எதிரிகளான பொறிவண்டும் சிலந்தியும் குளவியும் சேர்ந்தே விழுந்தன. காவல்காரன் செத்த ஊரில் வெள்ளை ஈ புகுந்தது. ஆந்திரத்தில் குண்டூர் பக்கம் அது ஆடிய ஆட்டம் தனிக் கதை. காய்ப்புழுவோ மருந்தைச் செரிக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தது. நாட்டின் விளைநிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைப் பிடித்திருந்த பருத்தி, மருந்தில் ஏறக்குறைய பாதியைக் குடித்தது. கூலி, தண்ணீர், புழு என்று மூன்று பக்கமும் நெருக்க, பருத்திக் காட்டுக்காரர் மக்காச்சோளத்துக்கும் தென்னைக்கும் மாறினார். கோயமுத்தூர் மில்லுக்குப் பஞ்சு குஜராத்திலிருந்து லாரியில் வருகிறது.

இப்போது மருந்துக்கடைக்குள் போவோம். எங்கள் பக்கத்தில் எந்தச் சிற்றூரிலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒன்று இருக்கும். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஒரு வாடை. சுவர் முழுக்க மூன்று நிறச் சிரிப்போடு தக்காளிப் படங்கள், கம்பெனி கொடுத்த கடிகாரம். காலையில் தக்காளிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு இலையை எடுப்பார். பறித்து மூன்று மணி நேரம் ஆகி, வியர்வையில் நனைந்து, அப்பளம் போல மடிந்திருக்கும்.

"அண்ணா, இத என்னன்னு பாருங்க்ணா. நேத்துப் பொழுதோட பாத்தேன், காட்டுல பாதிக்கு வந்துருச்சு."

கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, நகத்தால் ஒரு கீறு கீறுவார். இதற்குள் அவருக்கு மூன்று போன் வந்துவிடும். பிறகு அலமாரியில் கை போகும். பூச்சிக்கு ஒன்று, பூசணத்துக்கு ஒன்று, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு டானிக்.

"மூணையும் ஒண்ணாவே கலக்கி அடிச்சு உட்ருங்க மாமா."

"பணம்..."

"காய் போட்டதுக்கப்பறம் பாத்துக்கலாம் போங்க."

இவரை வில்லனாக்குவது மிகச் சுலபம். நானும் பல இடங்களில் அப்படி எழுதியதைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில், கடன் கொடுத்து, நாற்காலி போட்டு, இலையைக் கையில் வாங்கிப் பார்க்கிற ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். விரிவாக்க அலுவலர் மூன்று ஊராட்சிக்கு ஒருவர், அவரும் மானியக் கணக்கு ஏற்றிக்கொண்டிருப்பார். தக்காளியோ மூன்று நாள் பொறுக்காது.

பொள்ளாச்சித் தென்னைக்காரருக்கு வந்த சோதனை வேறு மாதிரி. 1998-ல் கேரளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தி காய்க் காம்புக்கடியில் குடியேறியது. ஈரியோபைட் என்று பெயர். நான்கே கால், ஆகையால் நம் ஆறு கால் வம்சத்தோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. தேங்காய் மட்டை வெடித்து, காய் சூம்பி, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. நாற்பதடி மரத்தின் உச்சிக்கு எப்படி மருந்தடிப்பது? வேரில் கட்டினார்கள். மரத்தடியில் தோண்டி, பென்சில் தடிமனில் இளம் வேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்தும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த சின்னப் பாலித்தீன் பைக்குள் அதை விட்டு, நூலால் கட்டி, மண்ணை மூடுவது. மறுநாள் போய்ப் பார்த்தால் பை சுருங்கி வறண்டிருக்கும். மரம் குடித்துவிட்டது. அழகான வேலை, பார்க்கவே கெட்டிக்காரத்தனம் தெரியும். 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மரத்துக்கு அது தெரியும். இளநீர் வியாபாரியின் லாரிக்கு யார் சொல்வது?

இனி இந்தச் சரித்திரத்தின் பெரும் போர். 2008 ஜூலை. கோவையில் பப்பாளி மரங்களில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ படிந்தது. அமெரிக்காவில் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பூச்சியியல் பேராசிரியர் ரங்கசாமி முனியப்பனும் இங்குள்ளவர்களும் அதை அடையாளம் கண்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சி, பூர்வீகம் மெக்சிகோ. கொங்கு நாட்டில் எல்லையைக் காப்பது முனியப்பன் வேலைதானே. கொஞ்சம் தாமதம், அதற்குள் எதிரி எல்லை தாண்டியிருந்தான்.

பப்பாளி என்று பெயர் வைத்தவர்கள் அதன் பசியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். மரவள்ளியில் ஏறியது. பருத்தி, கத்தரி, செம்பருத்தி, காட்டாமணக்கு, தேக்கு, ரோட்டோரப் பார்த்தீனியம் வரை ஒன்றையும் விடவில்லை. ஊர் பார்த்ததும் கள்ளிப்பூச்சி என்றது. தாத்தா காலத்துக் கள்ளியில் பூத்த அதே வெள்ளைப் பஞ்சு, இப்போது நம் சாப்பாட்டின் மேல். எறும்புகள் அதன் இனிப்புக் கழிவுக்கு ஆசைப்பட்டு, அதைச் செடிக்குச் செடி தூக்கிப்போய்க் குடிவைத்தன. ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உடம்பு முழுக்க மெழுகு மாவு. மேலே அடித்த மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே விழும்.

நம் ஆட்கள் விடுவார்களா? புரோபனோபாஸ் அடித்தார்கள். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். பிறகு இரண்டு மருந்தைச் சேர்த்தார்கள். சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், போர்வெல் குழாயைத் திருப்பிப் பீய்ச்சி அடித்தது, பல்கலைக்கழகம் சொன்ன மீன் எண்ணெய் சோப்பு, எதையும் விடவில்லை. அந்த சோப்பு அடித்த நாளில் சுத்த சைவ வீட்டுத் தோட்டத்தில் நாகப்பட்டினம் துறைமுகம் மணந்தது. ஒவ்வொரு முறையும் வெளியே தெரிந்த பூச்சி கொஞ்சம் செத்தது, இடுக்கில் இருந்தது பிழைத்தது, அதைத் தின்ன வந்த பொறிவண்டு அடியோடு செத்தது. இரண்டு வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது.

உடுமலைப் பக்கத்துப் பட்டுப்புழுக்காரர் நிலைமைதான் நிஜமான சங்கடம். மாவுப்பூச்சி மல்பெரி இலையில். மருந்து அடித்தால் மாவுப்பூச்சி சாகிறதோ இல்லையோ, அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு கட்டாயம் சாகும். ஒரு புழுவைக் காப்பாற்ற இன்னொரு பூச்சியைக் கொல்ல வேண்டும், கொல்கிற மருந்து இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். பலர் மல்பெரியையே பிடுங்கினார்கள். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாமலே.

இந்தக் குழப்பத்தில் யாரோ ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: மெக்சிகோவில் இது ஏன் இப்படி ஆடவில்லை? அங்கே அதற்கு எமன் இருக்கிறான் என்பது பதில். அரிசி நொய்யில் பாதிகூட இல்லாத, 1 மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண் துறை வழியாக மூன்று வகைக் குளவிகள் விமானத்தில் பெங்களூருக்கு வந்தன. தனி அறையில் அடைத்துவைத்து, வேறு எதையும் தொடாது என்று பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். நீல்சன் துரை காலத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். இந்த முறை வந்தது யார் என்று வரவேற்புக்கு முன்பே விசாரித்தோம்.

அக்டோபரில் கோவையில் குளவி விடும் வேலை தொடங்கியது. குளவி பெருக வேண்டுமானால் மாவுப்பூச்சி வேண்டும். ஆகவே இரண்டு வருஷமாக மாவுப்பூச்சியை ஒழிக்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே பல்கலைக்கழகம், முளைவிட்ட உருளைக்கிழங்குகளை அடுக்கிவைத்து, அதன் மேல் மாவுப்பூச்சியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது. சின்னக் குப்பிகளில் குளவிகளை அடைத்து விவசாயிகளிடம் கொடுத்தார்கள். குப்பியை ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, காலி டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய கஷ்டம், குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடிக்கக் கூடாது என்பது. நாற்பது வருஷமாக அடி, அடி என்று சொன்ன வாய், இப்போது சும்மா இரு என்றது. சும்மா இருப்பது சித்தர்களுக்கே கஷ்டமான காரியம். கடன் வாங்கி வெள்ளாமை வைத்தவனுக்கு?

குளவி தன் வேலையைச் செய்தது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஊசியைப் போல வாலைச் செலுத்தி முட்டையிட்டது. உள்ளே பொரித்த குஞ்சு, வீட்டுக்காரரை உள்ளிருந்தே சாப்பிட்டு, முதுகில் வட்டமாக ஒரு துளை போட்டு வெளியே வந்தது. மெழுகு மாவு, அளவு, டேங்க் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. சில மாதங்களில் மரவள்ளி துளிர்த்தது, மல்பெரி பச்சை கட்டியது. மிச்சமான பணத்தைப் பொருளியல்காரர்கள் கோடிக்கணக்கான டாலரில் கணக்குப் போட்டார்கள். குளவிக்கு ஊரில் சிலை வைக்கவில்லை. வைத்தாலும் தெரியாது.

2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது எல்லோரும் கொஞ்சம் தேறியிருந்தோம். அதன் எமனும் பாஸ்போர்ட் இல்லாமல் கூடவே வந்திருந்தான், என்கார்சியா என்ற குளவி. மருந்தடித்துக் கெடுக்காதீர்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்றார்கள். ஓலையில் படிந்த கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கஞ்சி காய்ச்சித் தெளிக்கச் சொன்னார்கள். மைதா காய்ந்து உரியும்போது பூசணமும் பொருக்காக உரிந்து விழும். பரோட்டா மாஸ்டருக்கும் வேளாண் விஞ்ஞானிக்கும் ஒரே மூலப்பொருள் என்று ஊர் சிரித்தது. ஆனால் ஓலை வெளுத்தது.

கொடுமுடியில் டாக்டர் நடராஜன் சாணத்தையும் கோமியத்தையும் வாழைப்பழத்தையும் பால் தயிர் நெய்யோடு சேர்த்துப் பஞ்சகவ்யத்தைப் பயிருக்குக் கொண்டுவந்திருந்தார். அதை அடித்தால் பூச்சியே வராது என்பாரும் உண்டு, வெறும் பக்தி என்பாரும் உண்டு. பயிர் தெம்பாக வளர்வதை நான் பார்த்திருக்கிறேன். பசித்த புழு பக்தியைப் பார்த்து ஒதுங்கியதை இன்னும் பார்க்கவில்லை.

2018-ல் லாலி ரோட்டில் பூச்சிகளுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடிக்குள் வண்ணத்துப்பூச்சிகள், பிள்ளைகள் வரிசையில். அதே ஆண்டு அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் வந்தது. டிக்கெட் எடுக்கவில்லை, நேராக மக்காச்சோளக் குருத்துக்குள் போய்விட்டது. இங்கே மருந்துக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும். குருத்துக்குள் விழும்படி, சொன்ன அளவில், சொன்ன நாளில் அடித்தவர் சோளம் எடுத்தார். சும்மா இருந்தவர் தட்டு எடுத்தார். குளவி ஒரு தலைமுறை பெருகும்வரை படைப்புழு காத்திருக்காது.

2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் அதிகம் என்று கேரளம் கொடி பிடித்தபோது இங்கே எல்லோருக்கும் ரோஷம் வந்தது. காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பாக்காரன் சோதனைச் சான்றிதழ் கேட்டபோதும் அப்படித்தான். ரோஷப்பட்டவர்களில் சிலர் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில், கறிவேப்பிலை இரண்டு செடி, கத்தரி நாலு பாத்தி, தனியாக இருக்கும்.

"இது ஊட்டுக்குங்க. இதுக்கு நாங்க எதும் அடிக்கறதில்லீங்க."

"அப்ப அந்தப் பக்கம் இருக்கறது?"

"அது மார்க்கெட்டுக்குங்க."

இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இருக்காது. மார்க்கெட்டில் சொத்தைக் கத்தரிக்காயைக் கூடையிலிருந்து ஒதுக்கித் தள்ளுகிற நமக்கும் அந்தக் கூச்சம் கிடையாது என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைசியாக வந்த படையெடுப்பு மரவள்ளிக்கு. 2020-ல் கேரளத்தில் தென்பட்ட இன்னொரு மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல், ஈரோடு என்று ஜவ்வரிசி நாடு முழுக்கப் பரவியது. இதற்கும் எமன் உண்டு. 1980-களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தபோது, ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ்காரரின் குழு பராகுவேயிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுபோய் அங்கே விட்டது. அதற்காக அவருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. டி.டி.டி. கொடுத்ததும் ஒரு சுவிஸ்காரர், குளவி கொடுத்ததும் ஒரு சுவிஸ்காரர். நமக்கும் சுவிட்சர்லாந்துக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ. அந்தக் குளவியின் வாரிசுகள் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, 2022 மார்ச் 7 அன்று சேலத்தில் காட்டுக்குள் விடப்பட்டன.

இப்படி ஒரு குளவி விடும் கூட்டத்தில் அதிகாரி முக்கால் மணி நேரம் விளக்கினார். பராகுவே, ஆப்பிரிக்கா, முட்டை, கூடு, துளை எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினார். குப்பிகளைக் கொடுத்தார். வரிசையில் நின்ற பெரியவர் குப்பியை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் திரும்பிக் கேட்டார்:

"சார், ஒரு டேங்குக்கு எத்தன மில்லிங்க?"